ஆட்டுக்குட்டி தின்ன மாத்திரை

கொஞ்சம் நகந்து உக்காருங்க அம்மிணி, இந்தப் பைய மட்டும் காலுக்கடியில வெச்சுக்கறேன். ஆச்சு. முறுக்கு வாசம் வருதே, உங்க டப்பாவா? ஒறம்பரை, சொந்தக்காரங்க யாரையோ பாக்கப் போறீங்களாட்ட இருக்குது. நல்லது நல்லது. இந்தாங்க, வறுத்த கடலக்காய். எடுத்துக்குங்க. ஈரோடு போற வரைக்கும் சும்மாவா உக்காந்திருக்கறது?

ஏனுங்க கண்டக்டரு! அந்தப் பாட்டக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க சாமி. பக்கத்துல பேசறதே காதுல விழமாட்டீங்குது.

ம். இப்பத் தேவல.

அதோ, முன்னால ஜன்னலோரமா ரெட்டைச் சடை, பச்சைத் துப்பட்டா தெரியுது பாருங்க. அது நம்ம புள்ள. நான் பெத்தது இல்ல, வளத்தது. பேரு மட்டும் கேக்காதீங்க, சொல்லக் கூடாது. எங்க பள்ளிக்கூடத்துல அது சட்டம். எந்தப் புள்ள பேரும் வெளிய போகக் கூடாது, அதோட நோவும் வெளிய போகக் கூடாது. இத்தன வருசத்துல இந்தப் பாவாயி வாயிலிருந்து ஒரு பேரு வெளிய வந்ததுன்னு எவனாவது சொல்லட்டும் பாக்கலாம்.

என் பக்கத்துல இடம் இருந்துச்சுங்க. உக்காரல. "பெரியம்மா, நீங்க பின்னால போயி உக்காருங்க"ன்னுட்டு அது முன்னால போயி உக்காந்துக்கிச்சு. காலு கடுக்கக் கூட வர்றவளுக்கு இதுதான் மரியாதை. தூங்குதுன்னு நெனைக்கறேன். தலை அசையவே இல்ல.

எங்க பள்ளிக்கூடம் தெரியுமா உங்களுக்கு? லாரிப் பட்டறைங்களுக்குப் பின்னால, அந்தப் பழைய நூல் குடோன்ல நடக்குதே, அதுதான். அருளப்பன் சாருன்னு ஒருத்தரு ஆரம்பிச்சது. பக்கத்துக் காலனி சனம்தான் செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்க, அவங்க புள்ளைங்களும் அங்கதான் படிக்குது. லாரி டிரைவரு கிளீனரு வீட்டுப் புள்ளைங்கதான் ஜாஸ்தி. அதுல பாதிக்கு அப்பன் இல்ல, சிலதுக்கு ரெண்டு பேருமே இல்ல. ஏன் இல்லைன்னு கேக்கறீங்களா? மெதுவாச் சொல்றேன். ஹெச்ஐவிங்க.

அந்தக் கண்டக்டரு எதுக்குத் திரும்பிப் பாக்கறாரு? சீட்டுத்தான் வாங்கியாச்சே.

புருசன் போயி வீட்டவுட்டுத் தொரத்துன பொம்பளைங்களுக்கு அங்கயே தையலு சொல்லிக் குடுத்து, மாத்திரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்து, எல்லாம் ஒரே கூரைக்குள்ளதான். நான் அங்க சமையலுக்குன்னு போனேன். இப்ப சமையலும் நான்தான், புள்ளைங்களுக்குப் பேன் பாக்கறதும் நான்தான், மாத்திரை குடுக்கறதும் நான்தான்.

மாத்திரை குடுக்கறதுல சாரு ஒரு வழி வெச்சிருக்காரு பாருங்க, அதுக்கே அவருக்கு மாலை போடணும். காலையில ஒம்பது மணிக்குப் பெல்லடிப்போம். அடிச்சா அத்தன புள்ளைங்களும் வரிசையில நின்னு ஆளுக்கொரு மாத்திரை வாயில போட்டுத் தண்ணி குடிக்கோணும். நோவு இருக்கற புள்ளைக்கு அந்த மாத்திரை. இல்லாத புள்ளைக்கு ஆரஞ்சு கலருல புளிப்பு மாத்திரை இருக்குதல்ல, சத்துக்குக் குடுப்பாங்களே, அது. வாத்திமாருங்களும் போட்டுக்கோணும், நானும் போட்டுக்கோணும். எதுக்குன்னா, எந்தப் புள்ளைக்கு நோவு, எந்தப் புள்ளைக்கு இல்லைன்னு இன்னொரு புள்ளைக்குத் தெரியக் கூடாது. சாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

இந்தப் புள்ள வந்தப்ப இத்துனூண்டு. அம்மா செத்து ஒரு மாசங்கூட ஆகல. அப்பன் கிளீனரு, அவன் அதுக்கும் முன்னாலயே போயிட்டான். சித்தப்பன்காரன் கொண்டாந்து கேட்டுல நிறுத்திட்டு வண்டியவே அணைக்காம திரும்பிப் போயிட்டான். அன்னிக்கு நான்தான் தூக்கி இடுப்புல வெச்சேன். மாத்திரைன்னா ஆகாது அதுக்கு. வரிசையில நின்னு வாயில போட்டுக்கும், தண்ணியும் குடிக்கும், நானும் நல்ல புள்ளைன்னு நெனச்சிட்டு இருந்தேன். பாத்தா கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்து, பின்னால போயி எங்க ஆட்டுக்குட்டிக்கு வாழப்பழத் தோலுல சுருட்டிக் குடுத்துட்டு இருந்திருக்குது! ஹஹ! நான் கண்ணால பாத்துட்டேன். ஆட்டுக்குட்டி கொழுகொழுன்னு இருக்குது, புள்ள நோஞ்சான் ஆகிட்டு வருது. சாரு அடிக்கல. ஆட்டக் காட்டிச் சொன்னாரு, "கண்ணு, இதுக்கு நோவு இல்ல, உனக்கு இருக்குது. இது உன் பங்கத் திங்குது, நீ பாத்துட்டு இருக்கறயே"ன்னு. அன்னியிலிருந்து போட்டுக்கிச்சு. இப்ப நெனச்சாலும் எனக்குச் சிரிப்பு வரும். யாருகிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க.

நீங்க சிரிக்கலையே. வெயிலு அடிக்குதா அந்தப்பக்கம்? எதுக்குத் தள்ளி உக்காருறீங்க, விழுந்துரப் போறீங்க. தொட்டா ஒட்டற நோவு இல்ல அம்மிணி அது. நான் அது தின்னு மிச்சம் வெச்ச தட்டுல சாப்புட்டு வளத்தவ. எனக்கு என்ன ஆயிப்போச்சு?

எங்க பள்ளிக்கூடம் பத்தாவது வரைக்கும்தான். பத்தாவதுல நல்ல மார்க்கு எடுத்துச்சு. நர்ஸுக்குப் படிக்கோணும்னு ஆசை. ஆஸ்பத்திரிக்குப் போகையில அங்க இருக்கற ஒரு நர்ஸம்மா இதுகிட்ட நல்லாப் பேசுமாம், அது மாதிரி ஆகோணும்னு. சாரு கரூரு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சேத்தி உட்டாரு, ஆஸ்டலோட. அங்க பெரிய டீச்சரம்மாவுக்கு மட்டும் விசயம் தெரியும், அவங்களும் யாருகிட்டயும் மூச்சு உடமாட்டேன்னாங்க. அப்பவும் நான்தான் கூட்டிட்டுப் போனேன், இதே மாதிரி பஸ்ஸுலதான். பரமத்தி வேலூருல ஒரு அம்மா ஏறி என் பக்கத்துல உக்காந்தாங்க. உங்கள மாதிரியே நல்ல மொகம். அவங்களும் பொண்ண ஆஸ்டல்ல உடத்தான் போறாங்க. ஊரு நாயம் பேசிட்டே போனோம், வழி தெரியல. இந்த ஆட்டுக்குட்டி கதையச் சொன்னேன் பாருங்க, முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. அப்புடி ஒரு எளகுன மனசு. எறங்கையில புள்ளைக்கு ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கித் தரட்டுமான்னாங்க. வேண்டாம்னுட்டேன். நமக்கெதுக்கு அடுத்தவங்க காசு.

அங்க போயி இந்தப் புள்ள மொத நாளே பண்ணுன கூத்தக் கேளுங்க. காலையில அங்கயும் ஒம்பதுக்குப் பெல்லு. சாமி கும்புடற பெல்லு அது. எல்லாப் புள்ளைங்களும் வரிசையில நிக்குது. இது டப்பாவத் தொறந்து மாத்திரைய எடுத்து வாயில போட்டுத் தண்ணி குடிச்சுப் போட்டு, பக்கத்துல நின்ன புள்ளையப் பாத்துக் கேட்டிருக்குது, "உன் மாத்திரை எங்க, மறந்துட்டயா?"ன்னு!

அதுக்கு என்னங்க தெரியும்? வெவரம் தெரிஞ்ச நாளா பெல்லடிச்சா உலகமே மாத்திரை போடும்னு பாத்து வளந்த புள்ள. நோவு தனக்கு இருக்குதுன்னு தெரியும், ஆனா நோவு இல்லாதவங்களும் காலையில ஒரு மாத்திரை போடுவாங்கன்னுதான் நெனச்சிட்டு இருந்திருக்குது. சாருகிட்ட இதச் சொன்னப்ப அவரு ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டாரு.

ஆனா அதுல ஒண்ணும் கெட்டுப் போகல, அதையும் சொல்றேன். புள்ள சூட்டிகை. ரத்தம் கம்மி, அதுக்கு மாத்திரைன்னு சொல்லிச் சமாளிச்சிருச்சு. மத்த புள்ளைங்களும் சிரிச்சிட்டு உட்டுருச்சுங்க. 'உன் மாத்திரை எங்க'ன்னு ஒருத்திய ஒருத்தி கேட்டு வெளையாடறதாமா, அவ்வளவுதான். நல்லாத்தான் இருந்துச்சு. போன்ல பேசுனா சத்தமாப் பேசும், சிரிக்கும்.

அப்புறம் மொத மாசம் பெத்தவங்க பாக்கற நாளு வந்துச்சு. அதுக்கு மறுநாளே எல்லாம் போச்சு.

எவளோ ஒரு புள்ளையோட அம்மா நேரா ஆபீசுக்குப் போயி, இன்ன புள்ளைக்கு இன்ன நோவு, அப்பன் கிளீனரு, ஆயி செத்துப் போச்சு, சித்தப்பன் கொண்டாந்து உட்டுட்டுப் போனான், எல்லாம் சொல்லியிருக்கறா. "ஆட்டுக்கு மாத்திரை குடுத்த புள்ளதான அது, இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம்"னு கேட்டிருக்கறா! பெரிய டீச்சரம்மா என்னத்தச் சொல்லுவாங்க? ஆட்டுக்குட்டி விசயம் அவங்களுக்கே தெரியாது.

யாரும் வெளிய போன்னு சொல்லலைங்க. அப்புடிச் சொல்லியிருந்தாச் சாரு கோர்ட்டுக்கே போயிருப்பாரு. அது தேவலையே. ராத்திரி படுக்கையில பக்கத்துப் புள்ளைங்க பாயி மட்டும் ஒதுங்கிப் போச்சு. சாப்புட்டுத் தட்டக் கழுவி அடுக்குல வெச்சா, அதுக்கு மேல இன்னொரு புள்ள தட்டு வெக்கறது இல்ல. பெல்லடிச்சா வரிசையில இதுக்கு முன்னாலயும் பின்னாலயும் காலி. மாத்திரை எங்கன்னு கேட்டு வெளையாண்ட புள்ளைங்கதான். ஒரு நாளு ட்ரங்குப் பொட்டியத் தூக்கிட்டு அதுவே தனியா பஸ் ஏறி வந்துருச்சு. எங்க கேட்டுல நின்னுச்சு. அழுவல. அழுதிருந்தா எனக்கு இத்தன வெசனம் இருந்திருக்காது.

எப்புடித் தெரிஞ்சுச்சு? நான் ராவும் பகலும் யோசிக்கறேன். ஆட்டுக்குட்டி விசயம் தெரிஞ்சது மொத்தமே நாலு பேரு. சாரு, நானு, இந்தப் புள்ள, ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி எப்பவோ பக்ரீத்துக்குப் போயிருச்சு. சாரு வாயத் தொறக்க மாட்டாரு. புள்ளை சொல்லாது. அப்புறம் யாரு?

மாரப்பன்தான். எங்க வேன் டிரைவரு. அவனே இருக்கோணும். ஒரு வார்த்தை பேசமாட்டான் அவன். வருவான், வண்டிய நிறுத்துவான், புள்ளைங்கள எறக்குவான், போவான். அப்புடி வாயத் தொறக்காதவனுக்குள்ள என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? நான் அத்தன பேரு முன்னாலயும் கேட்டுப்போட்டேன், "நீதான சொன்ன?"ன்னு. வேன் சாவியக் கொண்டுபோயி சாரு மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டான். தப்புப் பண்ணாதவன் எதுக்குப் போறான்? சாரு போயிக் கூப்புட்டாரு, வரல. இப்ப வேன் ஓட்ட ஆளு இல்ல, புள்ளைங்க நடந்துதான் வருதுங்க. சாரு என்னையத்தான் ஒரு மாதிரி பாக்கறாரு. கேட்டவ மேல கோவம், சொன்னவன் மேல இல்ல. இதுதான் நாயமா?

இந்தப் புள்ளையும் அப்புடித்தான். வந்ததிலிருந்து என்கிட்ட மொகங்குடுத்துப் பேசறதில்ல. "அன்னிக்குப் பஸ்ஸுல யாரோ ஒரு அம்மாகூடப் பேசிட்டு வந்தீங்களே பெரியம்மா"ன்னு ஒரு நாளு கேட்டுச்சு. "ஆமா, பாவம், நல்ல அம்மா"ன்னேன். எந்திரிச்சுப் போயிருச்சு. அவங்கள எதுக்கு இழுக்கோணும் இதுல? அவங்க உனக்காகக் கண்ணீர் உட்டவங்க அல்ல?

அதுக்கப்புறந்தான் பெரிய வேதனை. பெல்லடிச்சா வரிசைக்கு வர்றதில்ல. தனியாப் போட்டுக்கறேன், இங்க குடுங்கன்னு வாங்கிட்டுப் போகும். நான் செம்பருத்திச் செடிக்கு மண்ணு கெளறுறேன், பூராம் மாத்திரை. இந்தத் தடவ ஆடுகூட இல்ல, மண்ணுக்குக் குடுத்திருக்குது. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. இப்புடியே உட்டா அப்புறம் எந்த மாத்திரையும் கேக்காது, பாத்துக்குங்கன்னுட்டாங்க. சாரு அத முன்னால உக்கார வெச்சுக் கெஞ்சுனாரு. கெஞ்சுனாருங்க, அந்தப் பெரிய மனுசன்! அதுக்கு இது சொல்லுது, "சாரு, யாருக்குமே தெரியாத எடமா ஒண்ணு பாத்துக் குடுங்க. போறேன், படிக்கறேன், மாத்திரையும் போட்டுக்கறேன். அங்கயும் தெரிஞ்சுதுன்னா அப்புறம் படிப்பும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். என்னையக் கேக்கக் கூடாது"ன்னு.

சொன்னாச் சொன்னதுதான் அது. அழுத்தக்காரி.

சாரு அலைஞ்சு திரிஞ்சு ஈரோட்டுக்கு அந்தப்பக்கம் இந்த எடம் பாத்தாரு. பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டு மாசமாச்சு, ஆனாலும் சேத்திக்கறேன்னாங்க. இது தனியாப் போறேன்னுச்சு. பொட்டப்புள்ளையத் தனியா உடறதான்னு நான் சண்டை போட்டுத்தான் கெளம்புனேன். கெளம்பறப்ப சாரு என்னையக் கூப்புட்டு, "பாவாயம்மா, பஸ்ஸுல யாருகிட்டயும் எதுவும் பேசாம போயிட்டு வாங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்"னாரு. ரெண்டு நாளா எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, அதுக்குச் சொல்றாரு. மனசுக்குள்ள பாசம் இருக்குது மனுசனுக்கு, வெளிய காட்டிக்க மாட்டாரு.

அடடே, திருச்செங்கோடு வந்துருச்சே. மலை தெரியுது பாருங்க, கும்புட்டுக்குங்க.

எங்க எந்திரிக்குது இது? கண்ணு! நம்ம எடம் இது இல்ல, இன்னும் ஈரோடு போகோணும்! என்ன சாமி? பையா? எதுக்குப் பைய இழுக்கற? இரு, காலுல மாட்டுது. எங்க எறங்கற? தண்ணி வேணுமா? ஏங் கண்ணு, தூங்கலையா நீ?

...

ஏனுங்க கண்டக்டரு, நிறுத்துங்க நிறுத்துங்க! அட, வண்டிய எடுத்துட்டானே. இந்த முட்டிய வெச்சுட்டு நான் எங்க எந்திரிச்சு ஓடறது.

என்ன சொல்லிட்டு எறங்குச்சு, கேட்டீங்கல்ல? "நான் அடுத்த பஸ்ஸுல வர்றேன் பெரியம்மா. நீங்க ஈரோட்டுல எறங்கி அப்புடியே திரும்பிப் போயிருங்க. என்னையத் தெரியும்னு மட்டும் அங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க"ங்குது.

என்னையத் தெரியும்னு சொல்லாதீங்கங்குது! இதைக் கேக்கத்தான் இடுப்புல தூக்குனனா? தட்டுல மிச்சம் தின்னனா? ஊரு சனம் அத ஒதுக்குச்சு, சரி, அதுங்களுக்குப் புத்தியில்ல. இது என்னைய ஒதுக்குது. அந்தத் தண்ணி பாட்டிலக் குடுங்க.

ம். போகட்டும். கோவத்துல பேசுது. நான் திரும்பிப் போறதாவது! நேரா போயி ஆஸ்டலு கேட்டுலயே நின்னுக்குவேன். அது வர்றதுக்குள்ள வாட்சுமேன்கிட்ட, வார்டனம்மாகிட்ட நாலு நல்ல வார்த்தை சொல்லி வெச்சாத்தான் பாத்துக்குவாங்க.

நான் பாட்டுக்குப் பேசிட்டே வர்றேன், நீங்க எங்க போறீங்கன்னுகூடக் கேக்கல பாருங்க. ஈரோட்டுல யாரு இருக்கறாங்க? என்னது, பொண்ணா? ஆஸ்டல்லயா? ஓ, அந்த முறுக்கு அதுக்கா! எந்த ஆஸ்டலு?

அட சாமி!

அதேதான்! பச்சை கேட்டு, உள்ள பெரிய வேப்பமரம்னு சாரு அடையாளம் சொன்னாரு, அதேதானுங்க! பதினொண்ணுதான் படிக்குதா உங்க பொண்ணும்? பாத்தீங்களா, கடவுளு கண்ணத் தொறந்துட்டான். எத்தன சீட்டு இருக்கையில என்னையக் கொண்டாந்து உங்க பக்கத்துல உக்கார வெச்சானே! இனி எனக்கு ஒரு கவலையும் இல்ல.

போன எடுக்கறீங்களே, யாருக்கு? ஆஸ்டலுக்கா? பொண்ணக் கூப்புடச் சொல்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க, இப்பவே பண்ணுங்க. நல்ல மனசு உங்களுக்கு. பேசுங்க, நான் குறுக்க பேசல.

என்ன, பேரா? பேரு சொல்லக் கூடாதுதான், சட்டம். ஆனா நீங்க என்ன வெளியாளா? ஒரே ஆஸ்டல்ல பொண்ண உட்டவங்க, தாயி மாதிரி. உங்ககிட்ட மறைச்சு நான் எங்க கொண்டுபோறது.

சிந்துஜான்னு சொல்லுங்க. அடுத்த பஸ்ஸுல வருதுன்னு சொல்லுங்க. பச்சைத் துப்பட்டா.